நெடுந்தீவில என்ன இருக்கு பார்க்க?

யூரியூப்பில "நெடுந்தீவு ஒருநாள் பயணம்" என்று தேடிப் பாருங்கோ. எந்த வீடியோவைத் திறந்தாலும் வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான். குறிகாட்டுவான் இறங்குதுறை, ஆட்டம் போடுற படகு, மாவிலித்துறை, பிறகு ஓட்டோ. குதிரை, பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வளரும் கல், பெரிய பாதச்சுவடு, இராணி கோபுரம், வெள்ளை மணல் கரை. பின்னேரப் படகுக்கு நேரமாச்சுது, ஓடு. முடிஞ்சுது நெடுந்தீவு.

இந்தப் பட்டியலில பிழை எதுவும் இல்லை. எல்லாம் உண்மையாக அங்க இருக்கிற இடங்கள், பார்க்க வேண்டிய இடங்களும்தான். ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. எட்டுப் பத்து இடத்தைச் சுற்றிக் காட்டின பிறகும் அந்தத் தீவில் வாழ்கிற ஒரு மனிசரைப் பற்றி அந்த வீடியோவில் எதுவும் வராது. குதிரைக்குச் சரித்திரம் இருக்கு, மரத்துக்கு இருக்கு, சுவருக்கும் இருக்கு. தீவாருக்கு மட்டும் இல்லை.

"பார்க்க வேண்டிய இடங்கள்" என்ற பட்டியலும் ஒரு வரலாற்று எழுத்துத்தான். எதை வைப்பது, எதை விடுவது, யாருடைய பெயரைச் சொல்வது என்று அது முடிவு எடுக்கிறது. பாடப்புத்தகத்தை விட இப்ப அதைத்தான் கனபேர் வாசிக்கிறார்கள். அதனால் அந்தப் பட்டியலையே கையில் எடுத்துக்கொண்டு தீவை ஒருக்கா சுற்றி வருவோம். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கூட நேரம் நிப்போம்.

முதல் இடம்: பெயர்ப் பலகை

படகால் இறங்கினதும் கண்ணில் படுவது "டெல்ஃப்ட்" என்ற பெயர். பிரதேச செயலகத்துக்கும் ஆங்கிலத்தில் அதுதான் பெயர். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்று ஒரு நகரம் இருக்கு, அந்தப் பெயரை இங்க வச்சார்கள் என்று வழிகாட்டிகள் சொல்லுவினம். அதோட நிறுத்திவிடுவினம்.

ஏன் டெல்ஃப்ட்? ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு நெதர்லாந்தில் ஆறு கிளைச் சபைகள் இருந்தன. அம்ஸ்டர்டாம், மிடெல்பேர்க், டெல்ஃப்ட், றொட்டர்டாம், ஹோர்ன், என்க்கௌசன் ஆகிய நகரங்களில் அவை இயங்கின. முதல் போட்டவர்கள் அந்த ஊர்களில்தான் இருந்தார்கள், இலாபமும் அங்கதான் பங்கு பிரிக்கப்பட்டது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, கம்பனி இந்தத் தீவுகளுக்குத் தன்ர கிளைகளின் பெயர்களையே வைத்தது. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆனது. புங்குடுதீவு மிடெல்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், எழுவைதீவு ஹோர்ன். வேலணைக்கு லெய்டன், நயினாதீவுக்கு ஹார்லெம் என்று வேறு ஒல்லாந்து நகரங்களின் பெயர்கள் போயின. ஒரு கம்பனி தன்ர கிளைப் பட்டியலை எடுத்து எங்கட கடலில் ஒட்டி வைத்த மாதிரி.

மற்றப் பெயர்கள் பெரும்பாலும் பழைய வரைபடங்களோடு போய்விட்டன. இன்றைக்கு காரைநகரை யாரும் அம்ஸ்டர்டாம் எண்டு சொல்லுறதில்லை. டெல்ஃப்ட் மட்டும் அலுவலகத் தாளிலும் ரூரிஸ்ட் வரைபடத்திலும் நிலைத்துவிட்டது. ஒல்லாந்தருக்கு முதல் வந்த போர்த்துக்கேயர் இதைப் "பசுக்களின் தீவு" என்று தங்கட மொழியில் எழுதினார்கள். தமிழிலும் பசுத்தீவு என்று ஒரு பெயர் உண்டு. நீளமாகக் கிடக்கிறதால் நெடுந்தீவு. கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர், தீவகத்தில் ஆகப் பெரிய தீவுகளில் ஒன்று. தரை முழுக்கத் தட்டை. ஒரு மலையும் இல்லை, ஒரு ஆறும் இல்லை.

குதிரை

நெடுந்தீவு என்றால் குதிரை. மேற்கு, தெற்குப் பக்கத்துப் புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாக நிற்கும் மட்டக்குதிரைகள். "காட்டுக்குதிரை" என்று சொன்னாலும் இவை காட்டில் பிறந்த இனம் இல்லை. ஒரு காலத்தில் வளர்க்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட குதிரைகளின் வாரிசுகள்.

போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே இங்க குதிரை வளர்ப்புக்கு அத்திவாரம் போடப்பட்டது என்பார்கள். ஒல்லாந்தர் அதை முறையான தொழிலாக நடத்தினார்கள். யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்துத் தளபதியாக இருந்த ஸ்வார்டெக்றூன் தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக 1697இல் எழுதி வைத்த நீண்ட குறிப்பேட்டில், யானை, வரி, சாயவேர் இவற்றோடு குதிரை வளர்ப்பும் ஒரு நிர்வாக விசயமாக வருகிறது. கம்பனிக்கு யாழ்ப்பாணம் எப்படித் தெரிந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி. வன்னியில் பிடித்த யானைகளைத் தீவகத்தின் துறைகளால் கப்பலேற்றி விற்றார்கள். ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான கேய்ட்ஸ்கூட, "யானைத்துறை" என்று பொருள் வருகிற போர்த்துக்கேயப் பெயரிலிருந்து வந்ததுதான். வெட்டையான புல்தரையும் நாலு பக்கமும் கடலும் இருந்த நெடுந்தீவு குதிரைக்கு வசதி. வேலி கட்டத் தேவையில்லை, கடலே வேலி.

ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற லெப்டினன்ற் இந்தத் தீவின் பொறுப்பில் இருந்தார். குதிரை வளர்ப்பை அவர் கடைசியாக ஒருமுறை பெரிதாக நடத்தினார். இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிற குதிரை லாயத் தூண்களை அந்தக் காலத்தோடு சேர்த்துத்தான் சொல்லுவார்கள். பிறகு குதிரை இலாபம் தரவில்லை. அரசாங்கம் கைகழுவியது. குதிரைகள் மிஞ்சின.

இப்ப அந்தக் குதிரைகள் தீவின் அடையாளம். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் மாரி பொய்த்த ஆண்டுகளில் தண்ணி இல்லாமல் குதிரைகள் செத்த செய்திகளும் வந்திருக்கு. அதே வரட்சியில் அதே தீவில் ஆடும் மாடும் வச்சிருக்கிற சனத்தின் நிலைமை என்ன என்று கேட்கிற வீடியோ குறைவு. மேய்ச்சல் நிலம் குதிரைக்கும் வேணும், மாட்டுக்கும் வேணும். "பசுத்தீவு" என்ற பெயரை மறந்துவிட்டு "குதிரைத்தீவு" என்று மட்டும் படம் போட்டால், பாலும் தயிரும் வித்துச் சீவிச்ச குடும்பங்கள் படத்துக்கு வெளியால போய்விடும்.

கோட்டையும் புறாக்கூடும்

வைத்தியசாலைப் பக்கமாகப் போனால் பவளக்கல்லால் கட்டின பழைய கோட்டையின் இடிபாடுகள். போர்த்துக்கேயர் தொடங்கினது என்றும் ஒல்லாந்தர் கட்டினது என்றும் இரண்டு விதமாகவும் சொல்லுவார்கள். சுவரின் தடிப்பைப் பார்த்தாலே தெரியும், எவ்வளவு கல் போயிருக்கும் என்று. கிட்டத்தில்தான் புறாக்கூடு. பொந்து பொந்தாக வைத்துக் கட்டின ஒரு தூண். புறாவின் காலில் ஓலை கட்டி யாழ்ப்பாணக் கோட்டைக்குச் செய்தி அனுப்பினார்கள் என்பது எல்லாரும் சொல்கிற கதை.

இந்த இடத்தில் எல்லாரும் செல்ஃபி எடுப்பினம். எடுங்கோ. ஆனால் அந்தச் சுவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கோ. ஒவ்வொரு கல்லிலும் பவளப்பூச்சியின் வீடு தெரியும். இந்தக் கல்லைக் கடலிலும் கரையிலும் யாரோ வெட்டினார்கள், யாரோ தலையிலும் தோளிலும் சுமந்தார்கள், யாரோ சுண்ணாம்பு சுட்டார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் "ஊழியம்" என்று ஒரு முறை இருந்தது. குறிப்பிட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள் கூலி இல்லாமல் வருசத்தில் இத்தனை நாள் கம்பனிக்கு வேலை செய்ய வேண்டும். செய்ய ஏலாதவர்கள் பணம் கட்ட வேண்டும். இது ஐரோப்பியர் புதிதாகக் கண்டுபிடித்த கொடுமையும் இல்லை. முன்பே இருந்த சாதி, சேவகக் கடமைகளைப் பிடித்துக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றினார்கள். அதனால் "ஒல்லாந்தர் கோட்டை" என்று சொல்லும்போது பாதி உண்மைதான் சொல்கிறோம். திட்டம் ஒல்லாந்தருடையது. கை எங்கட ஆக்களுடையது. எந்தக் கை என்று கேட்டால் எங்கட சமூகத்தின் உள்வீட்டு வரலாறும் வெளிய வரும்.

பட்டியலில் இல்லாத சுவர்

நெடுந்தீவில் எனக்குப் பிடித்த கட்டடக்கலை கோட்டையில் இல்லை, ஒழுங்கைகளில்தான். வளவுக்கு வளவு பவளக்கல்லை அடுக்கிக் கட்டின கல்வேலிகள். சீமெந்து இல்லை, சாந்து இல்லை. கல்லுக்கு மேல கல் வச்சு, சின்னக் கல்லால இடைவெளியை அடைச்சு, மைல் கணக்கில் போகும். யாழ்ப்பாணத்தில் கிடுகுவேலி, பனையோலை வேலி. இங்க மண் மெல்லிசு, நிலத்தைக் கொத்தினால் கல்லுத்தான் வரும். அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் வச்சால் தோட்டமும் கிடைக்கும், வேலியும் கிடைக்கும். மாடு, குதிரை உள்ள வராது. காற்று மட்டும் வரும்.

இந்த வேலிக்குக் கட்டினவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, பலகை இல்லை. ஆனால் தீவு முழுக்க இருக்கிற இந்த வேலிகளைக் கூட்டிப் பார்த்தால் கோட்டை எல்லாம் அதுக்குள்ள ஒரு மூலை. சாதாரண சனம் தலைமுறை தலைமுறையாகக் கட்டின நினைவுச்சின்னம் இது.

அதோட சேர்த்துப் பார்க்க வேண்டியது கிணறு. ஆறில்லாத, சுண்ணாம்புக்கல் தீவில் குடிதண்ணி எங்கிருந்து வருது? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை கல்லுக்குள்ளால் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணிக்கு மேல ஒரு மெல்லிய படையாக மிதக்கும். நல்ல தண்ணி பாரம் குறைவு, அதனால் மேல நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி இருந்தால் கீழே கிட்டத்தட்ட 40 அடி வரைக்கும் அது இறங்கி இருக்கும் என்பது நீரியலில் ஒரு பொதுக் கணக்கு. மறுபக்கமாக யோசித்துப் பாருங்கோ. ஒரு அடியை அதிகமாக இறைச்சால் கீழிருந்து உப்பு அவ்வளவு வேகமாக மேல ஏறும். கையால் அள்ளின காலத்தில் இந்தக் கணக்குத் தெரியாமலே கிணறுகள் நின்றுபிடித்தன. மோட்டர் பூட்டி ஹொட்டலும் நீச்சல் குளமும் வந்தால் நிற்குமா என்பதுதான் கேள்வி. "நெடுந்தீவைச் சுற்றுலாத் தலமாக்குவோம்" என்று மேடையில் பேசுகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மரமும் பாதமும்

பெருக்கமரம் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. நெடுந்தீவில் நிற்கிற மரத்தின் அடி உள்ளே கோறையாகி, ஒரு ஆள் உள்ளே போய் நிற்கலாம். இதே மரத்தின் பெரிய ஒன்று மன்னார் பள்ளிமுனையிலும் இருக்கு. அராபிய வணிகர்கள் கொண்டு வந்தது என்று சொல்லுவார்கள். யார் கொண்டு வந்தாலும் ஒன்று தெளிவு. கொழும்பும் கண்டியும் எங்களுக்கு மையமாகிறதுக்கு முதல், இந்தத் தீவுகளுக்குக் கடல்தான் தெரு. அந்தத் தெருவில் ஆபிரிக்கா இருந்தது, அரேபியா இருந்தது, இராமேஸ்வரம் இருந்தது. "நாட்டின் கடைக்கோடி" என்று இன்றைக்கு நாங்கள் சொல்லுற இடம், ஒரு காலத்தில் பல இடங்களுக்கு நடுவில் இருந்தது.

பெரிய பாதச்சுவடு சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் ஒரு பள்ளம். அனுமான் காலடி என்பார்கள், இராட்சத மனிதன் காலடி என்பார்கள். வளரும் கல் ஒவ்வொரு வருசமும் உயருது என்பார்கள். மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து இப்படியான வடிவங்களை உண்டாக்கும் என்பது புவியியல் பாடம். கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்லையும் கதையையும் இரண்டாகத் தெரிந்து வைத்திருந்தால் இரண்டையும் ரசிக்கலாம்.

வெடியரசன் கோட்டை: கவனமாக நடக்க வேண்டிய இடம்

தீவில் வெடியரசன் என்ற மன்னனின் கோட்டை என்று மக்கள் காட்டுகிற இடிபாடு ஒன்று உண்டு. மட்டக்களப்புப் பக்கம் கண்ணகி கோயில்களில் பாடப்படும் கண்ணகி வழக்குரையில் இவன் வருகிறான். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலோடி வந்த மீகாமனை எதிர்த்துச் சண்டை பிடித்தவன் வெடியரசன். முக்குவர் சமூகத்தின் நினைவில் அவனுக்குப் பெரிய இடம். பூம்புகார்க் கதை ஒன்று நெடுந்தீவுக் கடலால் சுற்றி மட்டக்களப்புக் கோயிலில் பாட்டாகிறது என்றால், இந்தக் கரைகள் ஒன்றோடொன்று எவ்வளவு கதைத்திருக்கும் பாருங்கோ.

அதே இடத்தில் பவளக்கல்லால் ஆன வட்டமான அடித்தளங்களும் இருக்கு. பௌத்த தூபிகளின் எச்சம் என்று தொல்லியலாளர் சொல்கிறார்கள். இங்கதான் பிரச்சினை தொடங்குது. ஒரு பக்கம், "தூபி இருந்தால் இது சிங்கள பௌத்த நிலம்" என்று ஒரு பலகையும் பின்னால் ஒரு காவலும் வந்துவிடும் என்ற பயம். வடக்கிலும் கிழக்கிலும் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. மறுபக்கம், அந்தப் பயத்தில் "தூபியே இல்லை" என்று நாங்கள் மறுக்கத் தொடங்குவது.

மணிமேகலையை எழுதின மொழி தமிழ். தமிழர் பௌத்தராக இருந்த நூற்றாண்டுகள் உண்டு. அந்தக் காப்பியத்தில் வரும் மணிபல்லவத்தைப் பக்கத்துத் தீவான நயினாதீவோடு அடையாளப்படுத்தும் ஆய்வாளரும் இருக்கிறார்கள். கந்தரோடையிலும் இதே மாதிரிப் பவளக்கல் தூபிகள். அவற்றை எங்கட வரலாற்றின் ஒரு அத்தியாயமாக நாங்களே படித்து, நாங்களே எழுதியிருந்தால், வேறொருவர் வந்து அதைத் தன்ர பத்திரமாகக் காட்டுவது இவ்வளவு சுலபமாக இருக்காது. மறுக்கிற வரலாற்றை மற்றவன் எடுத்துக்கொண்டு போவான். இந்த இடத்துக்குப் போகிற இளம் ஆக்கள் இதை யோசிக்க வேணும்.

படகு

பட்டியலில் படகு "அனுபவம்" என்று வரும். அலை அடிக்கும், சத்தி வரும், ரீல்ஸ் நல்லா வரும். தீவாருக்கு அந்தப் படகுதான் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை, கச்சேரி. பண்ணைத் தாம்போதியாலும் புங்குடுதீவுத் தாம்போதியாலும் மற்றத் தீவுகள் சில யாழ்ப்பாணத்தோடு சேர்ந்துவிட்டன. நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து கடலில் ஒரு மணித்தியாலம் அளவு போக வேணும். காற்று எழும்பினால் அதுவும் இல்லை.

குமுதினி என்ற பெயர் அந்தப் படகுகளில் ஒன்றுக்கு. 1985 மே 15 காலையில் நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் மறித்தார்கள். ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். பயணிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெட்டினார்கள். பெண்கள், குழந்தைகள், வேலைக்குப் போன ஆக்கள். குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. 30க்கும் மேற்பட்டவர்களைத் தீவு மக்கள் நினைவுகூருகிறார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அந்தப் படகைத் தீவு மக்கள் உடைத்து எறியவில்லை. திருத்தி, அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதில்தான் போய்வந்தார்கள். வேறு வழியும் இருக்கவில்லை. ஒவ்வொரு மே 15உம் தீவில் நினைவேந்தல் நடக்கும், நினைவுத்தூபியும் இருக்கு. இவ்வளவு பெரிய விசயம் எத்தனை "பார்க்க வேண்டிய இடங்கள்" பட்டியலில் வருது? இறங்குதுறையால் குதிரையிடம் ஓடுகிற அவசரத்தில் இரண்டு நிமிசம் நிற்க நேரம் இல்லாமல் போகலாம். ஆனால் அந்தக் கடலைக் கடந்துதான் எல்லாரும் வருகிறோம்.

காத்தாடி

இன்னொன்று, கொஞ்சம் புதிய வரலாறு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் சூரியனும் சேர்ந்த மின் திட்டம் ஒன்று. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் நடக்க இருந்த இந்த வேலையை 2021 ஜனவரியில் அமைச்சரவை சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீற்றரில் சீன நிறுவனமா என்று இந்தியா எதிர்த்தது. அந்த வருசம் டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையைக் காரணம் காட்டித் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம், இந்தியாவின் நன்கொடை 11 மில்லியன் டொலர்.

1658இல் இரண்டு ஐரோப்பிய வல்லரசுகள் இந்தக் கடலுக்காகச் சண்டை பிடித்தன. இப்ப இரண்டு ஆசிய வல்லரசுகள். அந்தக் காலத்திலும் தீவாரை யாரும் கேட்கவில்லை, இந்தக் காலத்திலும் கேட்டதாகத் தெரியவில்லை. கரன்ட் வந்தால் சரி என்று பார்த்துக்கொண்டு இருந்தது சனம்.

"தீவான்"

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல்லாருக்கும் இந்தச் சொல் தெரியும். தீவுப் பகுதியில் இருந்து வந்தவரைக் கேலி செய்ய, கலியாணப் பேச்சைத் தட்டிக் கழிக்க, கடைக்காரரைத் திட்ட. இப்ப அதே யாழ்ப்பாணம்தான் சனி, ஞாயிறில் அதே தீவுக்குப் படம் பிடிக்கப் போகுது. இடம் அழகு, ஆக்கள் மட்டும் கீழ் என்றால் அது என்ன பார்வை?

தமிழாராய்ச்சி மாநாடுகளுக்கு வழி திறந்த தனிநாயகம் அடிகளின் தகப்பன் வழி நெடுந்தீவு. அடிகள் 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பொனில் பிறந்தார். 1679இல் அச்சான புரொயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் தேடிப் பிடித்து, 1966இல் திரும்ப வெளிக்கொண்டுவந்தவர் அவர். அந்த வருசமே கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. தீவகத்தைக் கடைக்கோடி என்று நினைக்கிறவர்களுக்கு இதை ஒருக்கா நினைவுபடுத்தலாம்.

இன்றைக்குத் தீவில் மிஞ்சி இருப்பது சில ஆயிரம் பேர்தான். 1950களுக்குப் பிறகு காணி தேடி வன்னிக் குடியேற்றத் திட்டங்களுக்குக் கனபேர் போனார்கள். போர் வந்து இன்னும் கனபேரைக் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பியது. பூட்டின வீடுகள், கூரை இல்லாத வீடுகள், கல்வேலி மட்டும் நிற்கிற வளவுகள். இவற்றை "பழமையான இடம்" என்று படம் எடுக்கும்போது, அதில் கனவீடுகள் எங்கட தாய் தகப்பன் வயசு ஆக்கள் விட்டுப் போன வீடுகள் என்பதை மறக்கக்கூடாது.

அப்ப போகாமல் விடுவமா?

இல்லை. போங்கோ. கட்டாயம் போங்கோ. சுற்றுலா வேண்டாம் என்பது தீவுக்கு உதவாத கதை. ஓட்டோக்காரருக்கு உழைப்பு வேணும், சமைத்துக் கொடுக்கிற அக்காவுக்கு வியாபாரம் வேணும். கேள்வி எப்படிப் போகிறோம் என்பதில்தான்.

காரைநகர்க் கடலில் இருக்கிற ஹம்மன்ஹீல் கோட்டையைப் பாருங்கோ. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, பிறகு சிறையாகவும் இருந்த இடம். இன்றைக்கு அது கடற்படை நடத்துகிற ஹொட்டல். வரலாறு சுவரில் படமாகத் தொங்குது, வருமானம் ஊருக்கு வெளியே போகுது. நெடுந்தீவுக்கும் அந்த வழி வேண்டாம் என்றால், மற்ற வழி என்ன என்று இப்பவே கதைக்க வேணும்.

ஒரு சின்னப் பட்டியல் நானும் தாறன்.

படகில் முதல் இடம் தீவாருக்கு. அவர்கள் மருந்தெடுக்க வந்தவர்கள், நாங்கள் படம் எடுக்க வந்தவர்கள்.

தண்ணிப் போத்தலைக் கொண்டு போங்கோ, வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வாங்கோ. மண் இல்லாத தீவில் குப்பையைப் புதைக்க இடமில்லை.

குதிரையைத் துரத்தாதேங்கோ. கல்வேலியில் ஏறி நின்று படம் எடுக்காதேங்கோ, ஒரு கல் சரிஞ்சால் ஒரு முழம் சரியும்.

சாப்பாட்டைப் பொதியாகக் கட்டிக்கொண்டு போகாமல் அங்கேயே சாப்பிடுங்கோ. தயிர் கிடைச்சால் விடாதேங்கோ.

ஒரு நாள் போதாது. முடிந்தால் இரவு தங்குங்கோ. பின்னேரப் படகு போன பிறகுதான் தீவு தன்பாட்டில் இருக்கும்.

கடைசியாக, ஒரு வயசான ஆளிடமாவது பெயரைக் கேட்டுப் பழகுங்கோ. குமுதினி நாள் நினைவிருக்கா, எந்தக் கிணறு வற்றாது, இந்த வேலியை யார் கட்டினது, பிள்ளைகள் எங்க இருக்கினம் என்று கேளுங்கோ. அனுமதி கேட்டு அதைப் பதிவு செய்யுங்கோ. உங்கட கையில் இருக்கிற போனே போதும். நோலனின் பெயரும் ஸ்வார்டெக்றூனின் பெயரும் எங்களுக்குத் தெரியக் காரணம் அவர்கள் எழுதி வைத்தார்கள் என்பதுதான். தீவாரின் கதையை யாரும் எழுதி வைக்காவிட்டால், இன்னும் இருபது வருசத்தில் நெடுந்தீவின் வரலாறு என்று மிஞ்சப் போவது குதிரையும் மரமும் கோட்டையும்தான்.